துண்டைப் போடு!

தமிழ்நாட்டில் வெயில் ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு வேறோர் அளவு என்று அடிப்பதாக வானிலை ஆய்வு மையம் இதுவரை அறிவித்ததில்லை. ஆனால் தெருவில் இறங்கிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. அக்னி நட்சத்திரம் மொத்தமும் ஆண்கள் தலையிலேயே விடிகிறது. பாவம், தாங்க முடியாமல் சட்டையைக் கழற்றிவிடுகிறார்கள். லுங்கியைத் தொடைவரை தூக்கிக் கட்டுகிறார்கள். அதுவும் போதாதென்று, பேச்சுவாக்கில் நடுரோட்டிலேயே அதை அவிழ்த்து, உதறி, காற்று வாங்கவிட்டு மறுபடி இறுக்கிக் கட்டுகிறார்கள். பெண்களுக்கு மட்டும் ஊட்டியிலிருந்து தனிக்குழாயில் குளிர்காற்று வருகிறது போலும். இல்லையென்றால் மே மாதத்தில் உள்பாவாடை, அதன்மேல் நைட்டி, அதன்மேல் ஒரு தேங்காய்ப்பூத் துண்டு என்று மூன்றடுக்குப் பாதுகாப்போடு அடுப்படியில் நின்று குழம்பு கொதிக்கவைப்பார்களா?

ஜவுளிக்கடையில் 'கேஷுவல்ஸ்' என்று ஆணுக்கு ஒரு மாடி, பெண்ணுக்கு ஒரு மாடி ஒதுக்கியிருக்கிறார்கள். ஆண்கள் மாடியில் வாங்கியதை வீட்டுக்கு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். பெண்கள் மாடியில் வாங்கியதற்கு மாமியார், கணவர், எதிர்வீட்டு ஜன்னல் என்று மூன்று இடத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும்.

ஆணின் கேஷுவலைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட் வாங்க வருகிறார் அண்ணன். இடுப்பில் லுங்கி. மேலே பனியன். அந்தப் பனியனில் இருக்கும் ஓட்டைகளை எண்ணினால் அது வாங்கிய வருடத்தைச் சொல்லிவிடலாம். சில நாள் பனியனும் இருக்காது, தொப்பையும் தாயத்தும்தான். மடித்துக் கட்டிய லுங்கிக்குக் கீழே பட்டாபட்டியின் பச்சைக்கோடு எட்டிப் பார்க்கிறது. டீக்கடை பெஞ்சில் ஒரு காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு பேப்பரை விரிக்கிறார். அந்தக் கோணத்தில், எதிர் பெஞ்சில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு எதெல்லாம் தரிசனமாகிறது என்பது அண்ணனின் கவலையே இல்லை. அவள்தான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இளைய தலைமுறை இன்னும் முன்னேறிவிட்டது. பெர்முடா, முக்கால் டிரவுசர், கை வெட்டிய பனியன். அதே கோலத்தில் ஏடிஎம், ரேஷன் கடை, மருந்துக்கடை, பிள்ளையைக் கூப்பிடப் பள்ளிக்கூட வாசல்வரை போய்வருகிறார்கள். தம்பி, உன் முழங்கால் எதை அழைக்கிறது என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. அந்த முடி அடர்ந்த கெண்டைக்கால்களைப் பார்த்து எந்தப் பெண்ணும் நிலைதடுமாறிக் குற்றம் செய்ததாகக் காவல் நிலையத்தில் பதிவும் இல்லை.

இப்போது வீட்டுக்குள் வருவோம். காலை பதினொன்றரை. வாசலில் சிலிண்டர் வந்து 'ணங்' என்று இறங்குகிறது. "யக்கா, கேஸு!" ஹாலில் லுங்கியோடும் வெற்று மார்போடும் சோபாவில் சாய்ந்து ஐபிஎல் மறுஒளிபரப்பு பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் தலையைத் திருப்பாமலே "ஏய், யாருன்னு பாரு" என்கிறார். அவள் ஈரக்கையோடு வெளியே ஓடுகிறாள். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து மாமியார் குரல்: "துண்ட எடுத்துப் போட்டுக்கிட்டுப் போடீ!"

துண்டைத் தேட வேண்டும். கொடியில் தொங்குவது கணவர் தலை துவட்டிய ஈரத்துண்டு. அதுதான் கைக்கு அகப்படுகிறது. அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி கதவைத் திறக்கிறாள். சிலிண்டர்காரர் மேல் பொத்தான் மூன்றைத் திறந்துவிட்டு வேர்த்து வழிந்துகொண்டு நிற்கிறார். அவருக்கு இன்னும் பதினெட்டு வீடு பாக்கி. இவள் கழுத்தையோ துண்டையோ பார்க்க நேரமில்லை. "ஓடிபி சொல்லுங்கக்கா." போன் உள்ளே இருக்கிறது. நைட்டியில் பாக்கெட் கிடையாது. மறுபடி உள்ளே ஓட்டம். திரும்பி வந்து குனிந்து சீல் பார்க்கும்போது துண்டு நழுவிச் சிலிண்டர் மேல் விழுகிறது. எடுத்துப் போட்டுக்கொண்டு பணம் எண்ணிக் கொடுக்கிறாள். கதவைச் சாத்தியதும் அடுத்த விசாரணை: "அந்த ஆளுகிட்ட இவ்ளோ நேரம் என்ன பேச்சு?"

அந்தத் துண்டு எதை மறைக்கிறது? நைட்டியே கழுத்திலிருந்து கணுக்கால்வரை தொங்கும் ஒரு கூடாரம். உள்ளே ஆள் மெலிந்திருக்கிறாரா பருத்திருக்கிறாரா என்று பெற்ற தாய்க்கே தெரியாது. கூடாரத்துக்கு எதற்குப் போர்வை? மறைப்பதற்காக அல்ல அது. நான் வசதியாக இருக்கிறேன், அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பெண் எழுதித் தோளில் மாட்டிக்கொள்ளும் மனு. அந்த மனுவோடுதான் தமிழ்நாட்டில் கோலம் போடப்படுகிறது, கீரைக்காரியிடம் பேரம் நடக்கிறது, குப்பை வண்டியில் குப்பை கொட்டப்படுகிறது, வேன் வரும்வரை பிள்ளையோடு தெருமுனையில் காத்திருப்பும் நடக்கிறது.

பக்கத்து மாநிலத்தில் இதை முறைப்படுத்திக்கூடப் பார்த்தார்கள். 2018இல் ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலபள்ளி கிராமப் பெரியவர்கள் கூடி ஒரு தீர்மானம் போட்டார்கள். காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை பெண்கள் நைட்டியோடு நடமாடக் கூடாது. மீறினால் அபராதம் 2,000 ரூபாய். காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் சன்மானம். பக்கத்து வீட்டுப் பெண் பகலில் என்ன உடுத்தியிருக்கிறாள் என்று வேவு பார்ப்பதற்குச் சரிபாதி கமிஷன். விவசாயத்தில்கூட இவ்வளவு லாபம் கிடையாது. நாம் சிரிக்க வேண்டியதில்லை. நம்மூரில் அதே வேலையை எந்தச் சன்மானமும் வாங்காமல் சேவையாகவே செய்கிறார்கள். இந்தத் திட்டத்தை லுங்கிக்கும் நீட்டித்துப் பாருங்கள். காலையில் டீக்கடைக்குப் பத்து லுங்கி, லுங்கிக்கு 2,000 என்று வைத்தால், பட்ஜெட்டில் துண்டு விழுகிறதே என்று நிதியமைச்சர் வருத்தப்பட வேண்டியிருக்காது. விழுந்த துண்டை எடுத்து அண்ணன்மார் மார்பில் போர்த்தியும் விடலாம்.

அப்படி எதுவும் நடக்காது. ஆணின் இடுப்புத் துணிக்கு ஓர் அவமானம் என்றால் இந்த மாநிலம் எப்படிப் பதறும் என்பதற்குச் சட்டப் புத்தகத்திலேயே சாட்சி இருக்கிறது. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டிக்கொண்டு போனார். வேட்டிக்கு அனுமதி இல்லை என்று வாசலில் தடுத்துவிட்டார்கள். தமிழகம் கொதித்தது. கட்சி வேறுபாடின்றிக் கண்டனம். அன்றைய முதல்வர் ஜெயலலிதா அவையிலேயே சட்டம் வரும் என்றார். ஆகஸ்டிலேயே வந்தும்விட்டது. வேட்டி கட்டியவரை உடையைக் காரணம் காட்டிப் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். கிளப்பின் உரிமமே ரத்தாகலாம்.

நல்ல சட்டம். வெள்ளைக்காரன் விட்டுப்போன எச்சில் விதியைக் கட்டிக்கொண்டு அழுத கிளப்புகளுக்கு அது தேவைதான். எனக்கு வயிற்றெரிச்சல் சட்டத்தின் மேல் அல்ல, அதன் வேகத்தின் மேல். ஒரு மாதம்! ஓர் ஆணை ஒரு மாலை ஒரு வாசலில் ஒரு கிளப் ஊழியர் "இந்தத் துணியோடு உள்ளே வராதே" என்று சொன்னதற்கு அரசாங்க இயந்திரம் முழுதும் ஓடியது. அதே வாக்கியத்தைப் பள்ளிக்கூட வாசலில், கல்லூரி கேட்டில், ஆபீஸ் லிப்ட்டில், சொந்த வீட்டு நிலைப்படியில் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு எந்த ஆகஸ்டில் சட்டம் வரும்?

அதே 2014, அக்டோபர் 2. திருவனந்தபுரத்து மேடை ஒன்றில் பாடகர் யேசுதாஸ், பெண்கள் ஜீன்ஸ் போட்டு மற்றவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, அது நம் பண்பாட்டுக்கு ஆகாது என்று அறிவுரை சொன்னார். குரல் கேட்டுப் பழகிய நமக்கு அதுவும் ஏதோ ராகம்போல இனித்திருக்கலாம். அவர் பேசிய நாளைத்தான் கவனிக்க வேண்டும். காந்தி ஜெயந்தி. 1921 செப்டம்பரில் மதுரை மேலமாசி வீதியில் சட்டையையும் தொப்பியையும் கழற்றிப் போட்டு, முழங்காலைத் தொடாத ஒற்றைத் துணியோடு வெளியே வந்து, அப்படியே லண்டன் அரண்மனைவரை போய் மன்னரோடு தேநீர் குடித்துவிட்டு வந்தவரின் பிறந்த நாள். உடம்பில் பாதியைத் திறந்துவிட்ட ஆண் மகாத்மா. இரண்டு காலையும் முழுக்க மூடும் கெட்டித் துணியைப் போட்டுக்கொண்ட பெண் தொந்தரவு. ஒழுக்கக் கணக்கில் நான் எப்போதும் வீக் என்று என் வீட்டில் சொல்வார்கள். சரிதான் போலிருக்கிறது.

ஜீன்ஸாவது அமெரிக்காக்காரனுடையது. அடுத்த ஆண்டு லெக்கின்ஸ் மாட்டியது. லெக்கின்ஸ் எப்படிப்பட்ட துணி என்று ஆண்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தையல்காரர் தேவையில்லை. அளவெடுத்து, இரண்டு வாரம் அலைந்து, கடைசியில் பொங்கலுக்குள் தருகிறேன் என்று தீபாவளியன்று கேட்க வேண்டியதில்லை. பிளாட்பாரத்தில் நூறு, நூற்றைம்பதுக்குக் கிடைக்கும். துவைத்துப் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். பஸ் படியேறும்போது தடுக்காது, ஸ்கூட்டி சக்கரத்தில் சிக்காது. ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை இருந்தால் வாரம் முழுக்க எந்தக் குர்திக்கும் பொருந்தும். டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இவ்வளவு மலிவாக இவ்வளவு நிம்மதி அதற்குமுன் கிடைத்ததில்லை. நிம்மதி கிடைத்தது எப்படியோ தெரிந்துவிட்டது. 2015இல் 'குமுதம் ரிப்போர்ட்டர்' லெக்கின்ஸை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. தெருவில் போன பெண்களை, அவர்களுக்குத் தெரியாமல், காற்றில் டாப்ஸ் விலகிய நேரம் பார்த்து எடுத்த படங்களோடு, எல்லை மீறல் என்ற புலம்பலோடு.

அந்தப் புகைப்படக்காரரின் தவத்தை நினைத்துப் பாருங்கள். ரோட்டோரம் நிற்கிறார். கையில் கேமரா. ஸ்கூட்டியில் ஒரு பெண் வருகிறாள். டாப்ஸ் முழங்காலைத் தொடுகிறது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பண்பாடு காப்பாற்றப்பட்டுக் கிடக்கிறது. இவருக்கு அது போதவில்லை. காற்றுக்காகக் காத்திருக்கிறார். காற்று வருகிறது, டாப்ஸ் ஒரு நொடி விலகுகிறது, க்ளிக். அந்த ஒரு நொடியை அச்சடித்துத் தமிழ்நாடு முழுக்கக் கடைகடையாகத் தொங்கவிட்டு, அதன் கீழே ஆபாசமா என்று கேட்பது. ஆமாம் ஐயா, ஆபாசம்தான். கேமராவுக்குப் பின்னால் நின்றது. அவள் பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அந்தக் காலத்துல எல்லாம் இப்படியா?" என்று ஆரம்பிக்கும் பெரியவர்களுக்கு அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைவூட்டலாம். கன்னியாகுமரிப் பக்கம், அன்றைய தென் திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போட்டதற்காகச் சந்தையிலும் சாலையிலும் அந்தத் துணி கிழிக்கப்பட்டது. தோள்சீலைக்காகத் தலைமுறை தாண்டியும் அடிபட்டார்கள். வீடுகளும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. கடைசியில் 1859 ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் மன்னர் இறங்கிவந்து அனுமதி அறிவித்தார். அப்போதும், உயர்சாதிப் பெண்கள் போடுகிற பாணியில் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. 1930இல் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்ததை ஹட்டன் என்ற வெள்ளை அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி போடக் கூடாது, சட்டை பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது.

படித்துவிட்டீர்களா? மறைக்கக் கூடாது. போட்டால் அடி. இன்று போடாவிட்டால் அடி. நடுவில் மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பெண்ணின் நெஞ்சில் துணி இருக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்பவனின் வாய். ஒழுக்கம்தான் கவலை என்றால் 1859இல் அந்தத் துணியைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டாமா? கிழித்தல்லவா எறிந்தீர்கள்!

லுங்கி மடிப்பும் எல்லா ஆண்களுக்கும் சும்மா வந்துவிடவில்லை. ஆண்டை எதிரே வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட வேண்டும், தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கோ அக்குளுக்கோ இறங்க வேண்டும் என்றிருந்த ஊர்கள் எத்தனை! நிமிர்ந்து நடந்து, தோளில் துண்டு போட்டு, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கிக் கட்டுவதற்கு உதைபட்டவர்களின் பேரன்கள்தாம் இன்று அந்த டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உட்காரட்டும், அந்தக் கால் போராடி வாங்கிய கால். ஆனால் அதே பேரன் வீட்டுக்குப் போய்த் தங்கையைப் பார்த்து, தாத்தாவிடம் ஆண்டை பேசிய அதே தொனியில், "துண்டைப் போடு" என்கிறானே, அப்போதுதான் எனக்குக் கை பரபரக்கிறது.

அரசு இயந்திரமும் கல்வித் தந்தைகளும் இதில் சளைத்தவர்கள் அல்லர். 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸ், டி-சர்ட், கையில்லா ரவிக்கை, இறுக்க உடை எல்லாம் கூடாது என்றது. எஞ்சினியரிங் கல்லூரிகளுக்கு அது தேவவாக்காகிவிட்டது. பையன்களுக்குச் சட்டையை இன் பண்ணு, ஷேவ் பண்ணு என்ற அளவில் முடிந்தது. பெண்களுக்கு எழுதிய விதிகளில்தான் கவித்துவம் பொங்கியது. துப்பட்டா இரண்டு தோளிலும் பின் குத்தியிருக்க வேண்டும். மடிப்பு இத்தனை இருக்க வேண்டும். டாப்ஸ் முழங்காலுக்குக் கீழே இத்தனை விரற்கடை. கேட்டில் ஒரு மேடம் கையில் ஊக்குப் பட்டையோடு நின்றுகொண்டு, துப்பட்டா நழுவும் பிள்ளைகளை நிறுத்தி, நடுரோட்டில், பஸ் டிரைவர் கிளீனர் எல்லாரும் பார்க்க, நெஞ்சில் ஊக்குக் குத்திவிடுவார். யாரும் பார்க்கக் கூடாதென்றுதான் இந்த ஏற்பாடு என்பதை மறக்க வேண்டாம். தெர்மோடைனமிக்ஸ் தெரியாமல் பட்டம் வாங்கிவிடலாம், ஊக்கு இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது.

2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு அரசாணை வந்தது. ஆண்களுக்குச் சட்டையும் பேண்ட்டும், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி. பெண்களுக்குப் புடவை, சல்வார், சுடிதார், கூடவே துப்பட்டா. துப்பட்டா இல்லாமல் எந்தக் கோப்பு நகராமல் நின்றது, எந்த மாவட்டத்தில் வெள்ள நிவாரணம் தாமதமானது என்று அரசாணை சொல்லவில்லை. பள்ளிச் சீருடை இன்னும் மோசம். பத்துப் பதினொரு வயதுப் பெண் குழந்தைக்குச் சுடிதார், அதன்மேல் ஓவர்கோட். வகுப்பில் மின்விசிறி ஓடுவது மின்வாரியத்தின் மனநிலையைப் பொறுத்தது. பக்கத்து பெஞ்சுப் பையன் மேல் பட்டனைத் திறந்துவிட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொள்கிறான். குழந்தையின் மேல் மூன்றாவது துணியைப் போட்டுத்தான் அவளைக் காப்பாற்ற முடியும் என்றால், அவளைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்றல்லவா முதலில் பார்க்க வேண்டும்? அந்தக் கேள்வியைக் கேட்டால் கூட்டத்தில் எல்லோருக்கும் திடீரென்று இருமல் வந்துவிடும். ஓவர்கோட் தைப்பது சுலபம்.

ஒரே ஒரு தடவை நீதிமன்றம் இரண்டு பக்கமும் கைவைத்தது. 2016 ஜனவரி 1 முதல் கோயிலுக்குள் லெக்கின்ஸ், ஜீன்ஸோடு லுங்கி, பெர்முடா, அரை டிரவுசரும் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தனி நீதிபதி உத்தரவிட்டார். லெக்கின்ஸுக்குத் தடை என்று கேட்டபோது பக்திப் பரவசத்தில் இருந்த பலருக்கு, பெர்முடாவும் பட்டியலில் இருப்பது தெரிந்ததும் தனிமனித சுதந்திரம் ஞாபகம் வந்தது. சில வாரங்களில் அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. சட்டை கழற்றிய மார்போடு ஆண்கள் திருச்செந்தூரில் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் பெண்களும் நிற்கிறார்கள். முன்னால் ஐம்பது வெற்று முதுகுகள். ஒருத்திக்கும் பக்தி கலையவில்லை. அந்த மனத்திடத்தில் கால்பங்கு ஆண்களுக்கு இருந்தால் நாட்டில் துப்பட்டா வியாபாரமே படுத்துவிடும்.

பெரியார் மண் என்று சொல்லிக்கொள்கிறோம். அவர் பெண்கள் முடியைக் கிராப் வெட்டிக்கொண்டு லுங்கியும் ஜிப்பாவும் போட்டுக்கொள்ளட்டும், புடவைக்கும் நகைக்கும் போகும் நேரம் மிச்சம் என்று அப்போதே சொல்லிவிட்டார். அவர் சிலைக்கு வருடம் தவறாமல் ஆளுயர மாலை போடுகிற தோழர்களின் வீட்டில் எத்தனை பேர் மனைவியோ மகளோ லுங்கி கட்டிக்கொண்டு வாசலில் நின்று பல் தேய்த்திருக்கிறார்கள்? ஒன்று காட்டுங்கள், அந்த வீட்டுக்கு நானே மாலையோடு வருகிறேன்.

"பெண்களே பெண்களுக்கு எதிரி, சொல்றது மாமியார்தானே, நாங்களா சொல்றோம்?" என்று இந்த இடத்தில் ஒரு சகோதரர் கை தூக்குவார். எப்போதும் தூக்குகிறார். மாமியார் சொல்கிறார், உண்மை. அந்த மாமியார் மருமகளாக வந்த நாளில் அவரிடம் அவர் மாமியார் சொன்னார். துண்டு நழுவியதற்காக யார் கையால் அறை விழும் என்பதை இரண்டு பேருமே பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். காவலுக்கு நிற்பவள் பெண் என்பதாலேயே சிறை அவளுடையதாகிவிடாது. அப்புறம், சோபாவில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு வார்த்தை, "விடும்மா, சிலிண்டர்தானே" என்று சொல்லியிருந்தால் அந்தத் துண்டு அன்றே கொடிக்குத் திரும்பியிருக்கும். அவர் சொல்ல மாட்டார். சொல்லாமல் இருப்பதில்தான் அவருக்கு லாபம்.

"நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க, உன் நல்லதுக்குத்தான்" என்பது இன்னொன்று. அந்த நாலு பேரை எனக்குத் தெரியும். நாலு பேரும் லுங்கி கட்டியிருக்கிறார்கள்.

கடைசியாகப் பாக்கெட். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர் ஒருநாள் சாவி, போன், பஸ் காசு மூன்றையும் கையிலேயே பிடித்துக்கொண்டு, கூடவே ஒரு துண்டையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, காய்கறிப் பையும் தூக்கி வந்து பார்க்கட்டும். நம் பாட்டிமார் சுருக்குப்பையை இடுப்பில் செருகியது அழகுக்காக அல்ல, வைக்க வேறு இடம் இல்லாததால். 2018இல் 'தி புட்டிங்' என்ற அமெரிக்க இணைய இதழ் கடைகடையாக ஜீன்ஸை அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன்பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு. பாதி! பலவற்றில் போன் நுழையாது, கையும் முழுசாக நுழையாது. ஜீன்ஸ் போட்டுத் தொந்தரவு செய்கிறாள் என்று திட்டு வாங்கிக்கொண்டு, அந்த ஜீன்ஸிலும் பாதிப் பாக்கெட்டுக்கு முழு விலை. நைட்டியில் இப்போதுதான் ஒன்றிரண்டு கடைக்காரர்கள் 'பாக்கெட் வெச்ச நைட்டிங்கம்மா' என்று ஏதோ செவ்வாய்க்கிரகத்துச் சரக்குபோலக் கூவி விற்கிறார்கள். அதே நேரத்தில் ஊசியும் நூலும் படாத வேட்டி, நம் புனிதத் தொன்மை, என்ன ஆனது பாருங்கள். அவிழ்ந்துவிடுகிறது என்று ஆண் முனகினான், வெல்க்ரோ வைத்து ஒட்டிக்கோ கட்டிக்கோ வந்தது. போன் வைக்க இடமில்லை என்றான், வேட்டிக்கே பாக்கெட் வந்தது. ஒரு பண்டிதரும் பண்பாடு போச்சு என்று மார்பில் அடித்துக்கொள்ளவில்லை.

திருப்பூருக்குப் போனால் இந்தப் பாக்கெட்டெல்லாம் பிறக்கும் இடத்தைப் பார்க்கலாம். பவர் டேபிளிலும் செக்கிங்கிலும் கைமடியிலும் வரிசை வரிசையாகப் பெண்கள். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் ஆண்கள் அரை டிரவுசருக்குப் பக்கத்துக்கு ஒன்று, பின்னால் ஒன்று, தொடையில் மூடி வைத்து இரண்டு என்று பாக்கெட் பாக்கெட்டாக மூட்டிக்கொண்டிருப்பார்கள். சுடிதார்மேல் கம்பெனி ஓவர்கோட், துப்பட்டா மெஷினில் சிக்காமல் இடுப்பில் இறுக்கி முடிச்சு. பஸ் காசு கைக்குட்டையில் சுற்றிச் சாப்பாட்டுக் கூடைக்குள் கிடக்கிறது. பையர் இந்த வாரம் மாடலை மாற்றச் சொல்லியிருக்கிறார்: இயர்போன் வைக்க உள்ளே இன்னொரு சின்னப் பாக்கெட் வேண்டுமாம். அதனால் இன்றைக்கு ஒன்றரை ஷிப்ட்.